இடுக்கின் வரலாறு: அமெரிக்க பிக்கப் வண்டியின் கதவும் தகடும்

பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டி, தனித்தனியாகச் செய்யப்பட்ட மூன்று உறுப்புகளை ஒரே அடிச்சட்டத்தின்மீது அமர்த்திய கூட்டு ஆகும். நீளவாக்கில் இரண்டு எஃகுப் பட்டைகளும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் துண்டுகளுமாக ஏணி போன்ற தோற்றமுடைய அந்தச் சட்டமே தமிழ்நாட்டுப் பட்டறைகளில் சேஸிஸ் என்று வழங்குவது. அதன் முன்பகுதியில் எஞ்சினை மூடும் பானெட்டும் மட்கார்டுகளும், நடுவில் ஓட்டுநர் அமரும் கேபினும், பின்னால் சரக்கேற்றும் தொட்டியும் வெவ்வேறாகப் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். இவை ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களிலும், கதவு தன் நிலையைச் சந்திக்கும் இடத்திலும் ஓர் இடுக்கு விடப்படுகிறது. 1950களின் அமெரிக்க பிக்கப்பைப் புதுப்பிக்க முற்படுவோர் இன்று அந்த இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக, ஏறத்தாழ 5 மில்லிமீட்டராக, நூல் பிடித்தாற்போல் ஓட வேண்டுமென்று மாதக்கணக்கில் உழைக்கின்றனர். அவ்வண்டிகள் ஆலைவாயிலைத் தாண்டிய நாளில் அத்தகைய ஒழுங்கைக் கொண்டிருக்கவில்லை. அதைக் கவனக்குறைவு என்று மட்டும் கொள்வது அவற்றைக் கட்டிய தொழிலின் வரலாற்றைத் தவறவிடுவதாகும்.

அத்தொழிலின் தொடக்கம் மரத்தில் இருக்கிறது. ஃபோர்டு நிறுவனம் 1917இல் மாடல் டிடி என்ற ஒரு டன் சரக்கு வண்டியை விற்கத் தொடங்கியபோது, வாங்குபவருக்குக் கிடைத்தது சக்கரமும் எஞ்சினும் பொருத்தப்பட்ட வெறும் சேஸிஸ்தான்; ஓட்டுநருக்கு ஒரு கூண்டும் சரக்குக்கு ஒரு தொட்டியும் வேண்டுமென்றால், அதுவரை குதிரை வண்டிகளைக் கட்டிவந்த உள்ளூர்த் தச்சரிடமோ கொல்லரிடமோ, அல்லது ஆயத்தக் கூண்டுகளைச் செய்து விற்ற தனி நிறுவனங்களிடமோ அவர் போக வேண்டியிருந்தது. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும், கரூரில் பேருந்துக்கும் ‘பாடி கட்டும்’ தொழிலை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. சென்னையில் 1840இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி பின்னர் மோட்டார் வண்டிகளுக்குக் கூடு கட்டியதும் இதே வழியில் வந்ததுதான். எந்த நாட்டிலாயினும் இவ்வாறு கட்டப்பட்ட கூட்டின் இலக்கணம் ஒன்றே: முதலில் நிலை எழும், பின்பு அந்த நிலைக்கென்றே கதவு அறுக்கப்படும். தச்சர் கதவை நிலையில் வைத்துப் பார்த்து, இடிக்கும் விளிம்பை இழைப்புளியால் சீவி, மீண்டும் வைத்துப் பார்ப்பார். ஆகையால் இடுக்கு ஒழுங்காக அமைந்தாலும், அந்தக் கதவு அடுத்த வண்டிக்குப் பொருந்தாது. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முன் அமைந்த உறுப்பைப் பார்த்தே அளவு கொள்வதால், ஒரே வரைபடத்திலிருந்து கட்டப்பட்ட இரண்டு கூண்டுகள்கூட இறுதியில் வெவ்வேறு அளவில் நிற்கும்.

மரச்சட்டத்தின்மேல் மெல்லிய எஃகுத் தகட்டை அறைந்து மூடும் கலப்புமுறை அடுத்து வந்தது. டெட்ராய்ட்டில் 1908இல் ஃபிஷர் சகோதரர்கள் தொடங்கி, 1926இல் ஜெனரல் மோட்டார்ஸ் முழுமையாகத் தன்னுள் இணைத்துக்கொண்ட ஃபிஷர் பாடி நிறுவனம் இம்முறையைப் பேரளவில் கையாண்டது. மரம் மழைக்காலத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். உப்பினால் கதவு இறுகும், சுருங்கினால் கடகடக்கும். ஆகவே கதவின் விளிம்பில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றும், நிலைத்தூணில் அதை ஏற்கும் குழி ஒன்றும் பொருத்தி, சாத்தும்போது ஆப்பு குழியில் அமர்ந்து கதவின் எடையைத் தாங்குமாறு செய்தனர். கீலும் பூட்டும் மட்டுமே கதவைத் தாங்குவதாக நினைப்பவர் இந்தச் சிறு துண்டைக் கவனிப்பதில்லை. எஃகுக் கூண்டுகள் வந்த பின்னும் அது நெடுங்காலம் நீடித்தது.

பிலடெல்பியாவில் 1912இல் எட்வர்ட் பட் என்பவர் நிறுவிய ஆலையும், அங்கே ஆஸ்திரியப் பொறியாளர் ஜோசப் லெட்விங்கா வகுத்த முறையும் இந்தத் தொழிலைத் திருப்பிவிட்டன. அச்சில் அழுத்தி வடிவமைக்கப்பட்ட எஃகுத் துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, மரமே இல்லாத கூடு ஒன்றை அவர்கள் ஆக்கினர். டாட்ஜ் சகோதரர்கள் 1914இல் தம் முதல் காருக்கே இதனை ஏற்றுக்கொண்டனர். மரம் கருகிவிடும் என்ற அச்சம் நீங்கியதால், பெயின்ட்டை உலையில் சுட்டு விரைவாகக் காயவைக்க முடிந்தது என்பது இம்முறைக்குக் கிடைத்த பெரிய வணிக ஆதாயம். ஆனால் கதவு பொருத்துபவரின் நோக்கில் நிகழ்ந்த மாற்றம் வேறு: எஃகுக் கதவைச் சீவ முடியாது. தச்சரின் இழைப்புளி ஒரு நொடியில் தீர்த்த பிழையை இனிக் கீலிலோ, நிலையிலோ, தகட்டின் வளைவிலோ எங்காவது ஒளித்துவைத்தாக வேண்டும் என்ற நிலை பிறந்தது. பிக்கப்பின் கதவைச் சரிசெய்யும் கலை முழுவதும் இந்தச் சீவ முடியாமையிலிருந்து வளர்ந்தது என்று சொல்லலாம்.

தொழிற்சாலையே தொட்டியோடு சேர்த்து விற்ற ஃபோர்டின் முதல் பிக்கப் 1925 ஏப்ரலில் 281 டாலர் விலையில் வெளிவந்து, அந்த ஆண்டில் ஏறத்தாழ 34,000 வண்டிகள் விற்றன. செவ்ரோலெட் 1930இல் மார்ட்டின்-பாரி என்ற கூடு கட்டும் நிறுவனத்தின் இண்டியானாபொலிஸ் ஆலையை வாங்கித் தன் சரக்கு வண்டிகளுக்கான கூடுகளைத் தானே செய்யத் தலைப்பட்டது. இவ்விதமாக ஊர்த் தச்சரின் கையிலிருந்த வேலை ஆலைக்குள் நுழைந்தது.

நுழைந்த இடத்திலோ ஒரு விந்தையான ஏற்றத்தாழ்வு காத்திருந்தது. நீளத்தைத் துல்லியமாகச் சரிபார்க்க உதவும் அளவுக்கட்டைகளைக் கண்டுபிடித்த ஸ்வீடன் நாட்டவரான கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1923இல் ஃபோர்டு நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். எஞ்சினின் பிஸ்டனும் தண்டும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையில் அளக்கப்பட்டன. அதே கூரையின்கீழ் கதவின் இடுக்கோ கண்மதிப்பிலும் கைத்தட்டலிலும் நின்றது. தகடு கடைசல் செய்த இரும்பைப் போன்றதன்று என்பதே இதற்குக் காரணம். அச்சிலிருந்து வெளியே எடுத்தவுடன் தகடு தன் பழைய வடிவை நோக்கிச் சிறிது நிமிர்ந்துகொள்ளும். அந்த நிமிர்வின் அளவு எஃகின் கடினத்தையும் தடிப்பையும் பொறுத்து, ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்கு மாறும். பற்றவைக்கும் சூட்டில் அது மேலும் சுருளும். இத்தகைய பத்துப் பன்னிரண்டு தகடுகள் சேர்ந்தமைந்த கேபினின் கதவுநிலை, வரைபடத்திலிருந்து கால் அங்குலம் விலகி நின்றாலும் வியப்பில்லை.

இந்த விலகலைத் தவிர்ப்பதைவிட அதற்கு இடம் விட்டு வைப்பதே அக்காலப் பொறியாளர்கள் கண்ட வழி. போல்ட் நுழையும் துளையைப் போல்ட்டைவிடப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ வெட்டினர். கதவுநிலையின் உள்ளே, கீலின் திருகுகள் பற்றும் எஃகுத் துண்டை நிலையோடு இணைத்துவிடாமல் ஒரு கூட்டுக்குள் நகருமாறு விட்டனர். இதனால் திருகைத் தளர்த்தியதும் கதவு மேலும் கீழும், முன்னும் பின்னும், உள்ளும் வெளியும் சிறிது நகரும். மட்கார்டுக்கும் கேபினின் முன்சுவருக்கும் நடுவே, குதிரை லாடம் போல் ஒருபக்கம் திறந்த மெல்லிய எஃகுத் துண்டுகள் செருகப்பட்டன. ஷிம் எனப்படும் இத்துண்டைச் செருகப் போல்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை, தளர்த்தினாலே போதும். மேல்போல்ட்டில் ஒரு ஷிம் கூடினால் மட்கார்டின் மேல்விளிம்பு கதவைவிட்டு விலகி முன்னே சாயும், கீழ்ப்போல்ட்டில் கூடினால் அடிவிளிம்பு விலகும். ஒரே மாதிரி இரண்டு வண்டிகளைக் கழற்றினால் ஒன்றில் மூன்று ஷிம்மும் மற்றதில் ஒன்றுமே இல்லாமலும் இருப்பது இயல்பு; அந்த எண்ணிக்கை, அன்று வரிசையில் நின்ற தொழிலாளி அந்த வண்டிக்கென்று எடுத்த முடிவின் எழுதப்படாத பதிவாகும்.

துளையும் ஷிம்மும் கைகொடுக்காத இடத்தில் மரக்கட்டையும் ரப்பர்ச் சுத்தியலும் வேலை செய்தன. கதவின் அடிப்பகுதி வெளியே துருத்தி நின்றால், மேல்முனையில் ஒரு கட்டையை இடையில் வைத்து அடிமுனையை முழங்காலால் உள்ளே அழுத்துவது, கதவையே சற்று முறுக்கும் உபாயம். நாகரிகமற்றதாகத் தோன்றினாலும் இது ஆலையிலும் பட்டறையிலும் ஒருங்கே வழங்கிய முறையே. பற்றவைத்த இணைப்புகளில் எஞ்சிய பள்ளங்களை மூட ஈயம் பயன்பட்டது: ஏறத்தாழ எழுபது பங்கு காரீயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகம் 183 முதல் 255 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் முழுதும் உருகாமல் குழைந்து நிற்கும் தன்மையுடையது, அந்தக் குழைவில் அதைக் கொழுப்பு தடவிய மரத் தட்டைக்கோலால் பரப்பி, ஆறியபின் அராவி மட்டம் செய்வர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் வெள்ளீயத்தையே கையாள்வதால் தமிழரின் நினைவில் ‘ஈயம்’ தீங்கற்ற பொருளாகப் பதிந்திருக்கிறது. ஆலைகளில் அராவியதோ காரீயம் மிகுந்த தூள். அதனால் அந்த வேலை தனியறைக்குள் நடந்தது, அதைச் செய்பவர்களுக்கு வெளிக்காற்றுக் குழாய் இணைத்த முகமூடி தேவைப்பட்டது. 1950களின் நடுவில் பாலியெஸ்டர் பிசினால் ஆன நிரப்பி பட்டறைகளுக்கு வந்தபின், நம் ஊரில் ‘பட்டி பார்த்தல்’ என்று வழங்கும் மலிவான வேலை ஈயத்தின் இடத்தைப் பிடித்தது.

இடுக்கைப் பெரிதாக விட்டதற்கு ஆலையின் பிழை மட்டும் காரணமன்று. வண்டியின் தொழிலும் ஒரு காரணம். பகரவடிவில் ஒருபுறம் திறந்த பட்டைகளால் ஆன பிக்கப்பின் சேஸிஸ் முறுக்குக்கு இணங்குவது. ஒரு சக்கரம் வரப்பின்மீது ஏறும்போது சட்டத்தின் முன்பாதி ஒருபுறமும் பின்பாதி மறுபுறமும் சாயும். இந்த இணக்கமே நான்கு சக்கரங்களையும் தரையில் பதியவைக்கிறது. அந்த முறுக்கைக் கேபினுக்குள் கடத்தினால் நிலை கோணலாகிக் கதவு பிடித்துக்கொள்ளும். எனவே 1947இல் வெளிவந்த செவ்ரோலெட்டின் அட்வான்ஸ் டிசைன் வரிசையிலும், 1948இல் வந்த ஃபோர்டின் எஃப் வரிசையிலும், கேபினைச் சட்டத்தோடு இறுக்காமல் ரப்பர் மெத்தைகளின்மேல் மிதக்கவிடும் ஏற்பாட்டை நிறுவனங்கள் தம் விளம்பரங்களிலேயே பெருமையாகக் கூறிக்கொண்டன. அதே செவ்ரோலெட்டில் கதவின் கீல்கள் வெளியே தெரியாமல் உள்ளே மறைந்தன. கண்ணுக்கு அழகாயினும், கீலைத் தட்டி வளைக்கப் பழகியிருந்த கைகளுக்கு அது ஒரு சிரமத்தைக் கூட்டியது.

பிக்கப் வயலையும் கடையையும் விட்டு வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கிய 1950களில், இடுக்கு முதன்முறையாக ஒரு குறையாகக் கருதப்பட்டது. செவ்ரோலெட் 1955இல் விற்ற கேமியோ கேரியர், தொட்டியின் பக்கங்களைக் கேபினோடு ஒரே கோட்டில் ஓடவிட்டது. சக் ஜோர்டன் வரைந்த அந்த வண்டி குறைந்த எண்ணிக்கையிலேயே விற்கும் என்பதால், எஃகு அச்சுகளுக்குச் செலவிடாமல் வழக்கமான எஃகுத் தொட்டியின் வெளியே கண்ணாடியிழைப் பலகைகளைப் பொருத்தினர். முதலாண்டில் அதற்குப் பூசிய வெண்சந்தன நிறத்துக்குப் ‘பாம்பே ஐவரி’ என்று பெயர் வைத்திருந்தனர் என்பது இடையில் குறிக்கத்தக்க ஒரு சுவை. டாட்ஜ் 1957இல் இதற்குப் போட்டியாகக் கொணர்ந்த ஸ்வெப்ட்சைடு இன்னும் துணிச்சலானது: தன் கார் வரிசையில் இருந்த இரு கதவு ஸ்டேஷன் வேகனின் பின்பக்கத் தகடுகளை, துடுப்பு போன்ற வாலோடு அப்படியே எடுத்து, பிக்கப் தொட்டியின் இருபுறமும் ஒட்டினர், அத்தகடுகளுக்கு நடுவே அடங்குமாறு பின்கதவை வெட்டிக் குறுக்க வேண்டியிருந்தது. தச்சரின் இழைப்புளி ஒருகணம் எஃகிலும் திரும்பி வந்ததுபோன்ற நிகழ்ச்சி அது.

இந்தப் போக்கின் எல்லையை 1961ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100இல் காணலாம். கேபினுக்கும் தொட்டிக்கும் இடையிலான இடுக்கை மறைப்பதற்கு மாறாக அதை ஒழித்தே விடுவது என்று முடிவுசெய்த அந்த நிறுவனம், கேபினின் பின்சுவரையும் தொட்டியின் முன்சுவரையும் ஒன்றாக்கி, இரண்டையும் ஒரே கூடாகப் பற்றவைத்தது. தகடும் பற்றவைப்பும் குறைந்தன, நீர் தேங்கித் துருப்பிடிக்கும் சந்தும் மறைந்தது. கணக்கில் எல்லாம் ஆதாயமே. ஆயினும் சேஸிஸ் முறுக்குவதை நிறுத்தவில்லை. கனத்த சரக்கு ஏற்றிய வண்டி மேடுபள்ளத்தில் நிற்கும்போது தொட்டியின் வளைவு நேராகக் கேபினின் கதவுநிலைக்குச் சென்றது. கதவு திறக்க மறுத்தது என்றும், சில நேரம் தானே திறந்துகொண்டது என்றும் அவ்வண்டியைப் பற்றிய பேச்சு இன்றும் வழங்குகிறது. சட்டத்துக்கு மிகுந்த முறுக்கு நேரும் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டும் ஃபோர்டு தனித் தொட்டியையே தொடக்கத்திலிருந்து வைத்திருந்தது, பொறியாளர்கள் இதனை முற்றிலும் அறியாதவர்கள் அல்லர் என்பதைக் காட்டுகிறது.

விற்பனை தளர்ந்தபோது கையில் ஆயத்தமாக இருந்தது, முந்தைய தலைமுறையைச் சேர்ந்த தனித் தொட்டி. அதனை 1962இல் புதிய கேபினுக்குப் பின்னால் பொருத்தி விற்றனர். கேபினின் பக்கத்தில் ஓடும் மடிப்புக்கோடு தொட்டியின் கோட்டோடு சேரவில்லை. அமெரிக்க ஆர்வலர்கள் ‘தவறான தொட்டி’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கும் இவ்வண்டிகளில், அக்கோணல் ஆலையே அறிந்து அனுமதித்தது. கோடுகள் சேரும் புதிய தொட்டி 1964இல் வந்தது. ஒன்றாகப் பற்றவைத்த கூடு 1963ஓடு முடிந்துபோனது. இடுக்கு இல்லாத பிக்கப்பை வாங்குபவர் மறுத்து, கோடு கோணினாலும் இடுக்குள்ளதை ஏற்றுக்கொண்ட இந்த மூன்றாண்டுகளைப்போல, அந்த வெற்றிடத்தின் பயனை விளக்கும் சான்று வேறில்லை.

ஆலைக்கு வெளியே இதே காலத்தில் பழுதுநீக்கும் தொழில் வேறொரு வகை அறிவைச் சேர்த்துக்கொண்டது. அங்கே வந்த வண்டிகள் கோணலாகப் பிறந்தவையல்ல, உழைத்துக் கோணியவை. கீலின் ஊசியும் அதைச் சுற்றிய பித்தளைப் புஷ்ஷும் தேய்ந்தால் கதவு பூட்டுப்பக்கம் தொங்கும். அதைத் தூக்கிச் சாத்தியே பழகிய ஓட்டுநர், பூட்டு கவ்வும் முளையையும் தேய்த்துவிடுவார். ரப்பர் மெத்தை நசுங்கிப்போனால் கேபின் ஒரு மூலையில் தாழும், உடனே இரு கதவுகளின் இடுக்கும் எதிரெதிராக மாறும். எனவே கதவில் கைவைக்கும் முன் மெத்தையைப் பார், மெத்தைக்கு முன் சட்டத்தைப் பார் என்ற வரிசை பட்டறைகளில் நிலைபெற்றது. இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் இருந்த பேர் நிறுவனத்தின் சட்டம் நிமிர்த்தும் பொறிகளும், மில்வாக்கியின் பிளாக்ஹாக் நிறுவனம் விற்ற நீர்மவிசைத் தள்ளுகோல்களும் அந்த வேலைக்குத் துணைநின்றன.

அளவின் ஒழுக்கம் தகட்டுக்கும் வந்துசேர மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று. 1980களில் ஜப்பானிய ஆலைகளின் கூடுகள், ஒரே புள்ளி வண்டிக்கு வண்டி மாறும் வீச்சை ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குள் அடக்கியிருப்பதை அமெரிக்க நிறுவனங்கள் உணர்ந்தன. 1992இல் அரசின் ஆராய்ச்சி நிதியுதவியோடு தொடங்கிய ‘2 மில்லிமீட்டர்’ திட்டத்தில், ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, வரிசையிலேயே ஒளிக்கதிர் அளவிகளை வைத்து ஒவ்வொரு கூட்டையும் அளந்து, பிழை எந்தப் பிடியில், எந்தப் பற்றவைப்பில் பிறக்கிறது என்று தேடினர். கதவைப் பொருத்தியபின் திருத்துவதைக் கைவிட்டு, பொருந்தாமையின் மூலத்தைப் பிடிக்கும் இம்முறை வந்தபின், வரிசையின் முடிவில் கட்டையோடு நின்றவருக்கு வேலை குறைந்தது.

இன்றைய புதுப்பிப்போர் பழைய பிக்கப்பிடம் எதிர்பார்ப்பது, இந்தப் பிற்கால வண்டிகள் பழக்கிய கண்ணின் ஒழுங்கை. அதை அடைய அவர்கள் கொள்ளும் வரிசையோ பழைய பட்டறையின் வரிசையே: எஞ்சினின் எடையைச் சட்டத்தில் ஏற்றிவிட்டு, புதிய மெத்தைகளில் கேபினை அமர்த்தி, துருப்பிடித்த வாசற்படித் தகட்டை வெட்டி மாற்றும்போது நிலை சுருங்காதபடி குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்து, கதவை முதலில் பின்தூணுக்கும் படிக்கும் பொருத்தி, அதற்கு இணங்க மட்கார்டையும், மட்கார்டுக்கு இணங்கப் பானெட்டையும் வைப்பர், பெயின்ட் அடிக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகக் கூட்டிப் பார்த்துப் பின் பிரிப்பர். இப்போது நகலாக அச்சிட்டு விற்கப்படும் தகடுகள் மூலத்திலிருந்து சிறிது விலகுவதால் ஷிம்களின் அடுக்கு மீண்டும் உயர்கிறது. கதவைச் சுற்றி ஒட்டும் புதிய ரப்பர்ப் பட்டை பழையதைவிடக் கனமாக இருந்துவிட்டால், ரப்பரின்றிக் கச்சிதமாகச் சாத்திய கதவு ரப்பரோடு அரை விரற்கடை வெளியே நிற்கும், கீலில் செய்த வேலை முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். கதவின் இடுக்கை மயிரிழையாகக் குறுக்குபவர்கள்கூடக் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே விரல் நுழையும் சந்தை அப்படியே விட்டுவைக்கின்றனர். அடியிலிருக்கும் சட்டம் 1950இல் முறுக்கியதைப்போலவே இன்றும் முறுக்குகிறது.